வேற டிகிரி முடிச்சுட்டு டென்டல் ஸ்கூல் போகணும்னா சயின்ஸ் கோர்ஸ எங்க, எப்படி முடிக்கறது?

கேள்விய ஒரு தடவை என் வார்த்தைல சொல்லிக்கறேன். உங்களுக்கு 27 வயசு, டெக்சாஸ்லயே கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சு டல்லாஸ் பக்கம் நாலு வருஷமா ஐடில இருக்கீங்க, ஜிபிஏ (4க்கு கணக்கு போடற சராசரி மார்க்) 3.1, கிரீன் கார்டு இருக்கு, இப்ப பல் டாக்டர் ஆகணும்னு முடிவு பண்ணிட்டீங்க. திரும்ப ஒரு பேச்சலர்ஸ் படிக்கணுமா, கம்யூனிட்டி காலேஜ்ல (மொத ரெண்டு வருஷக் கோர்ஸ் சொல்லிக் கொடுக்கற, ஃபீஸ் கம்மியான உள்ளூர் காலேஜ்) எடுத்தா மதிப்பாங்களா, எல்லாத்தையும் ஆன்லைன்ல முடிக்கலாமா, வேலைய விடணுமான்னு நாலு கேள்வி கேட்டிருக்கீங்க. எனக்கு நாலும் ஒரே கேள்வியாத்தான் தெரியுது: பிழைப்பையும் விடாம, பின்னால எந்த ஸ்கூலும் "இந்த கோர்ஸ் செல்லாது"ன்னு திருப்பி அனுப்பாம, இந்த சயின்ஸ எங்க போய் படிக்கறது?

நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பத்தான் எத எவ்வளவு நம்பலாம்னு உங்களுக்குத் தெரியும். மதுரைல பி.எஸ்சி கணக்கு படிச்சவ, 2005ல எச்4 விசால (வேலை விசால இருக்கறவங்களோட குடும்பத்துக்குக் கொடுக்கறது) டெக்சாஸ் வந்தேன், 2007ல கம்யூனிட்டி காலேஜ்ல மொத கோர்ஸ் எடுத்தேன், 2012ல டென்டல் ஸ்கூல் சேந்தேன், 2016ல இருந்து பல் பாக்கறேன். அதுல இருந்து என் கிளினிக்குக்கு ஷேடோயிங் பண்ண, அதாவது பக்கத்துல நின்னு வேலையப் பாக்க, வர்ற பசங்களுக்கெல்லாம் கோர்ஸ் பிளான் போட்டுக் கொடுக்கறது வழக்கமாயிடுச்சு. அட்மிஷன் கமிட்டில நான் உக்காந்ததில்ல. அதனால கமிட்டி எப்படி யோசிக்கும்னு நான் சொல்றது, வெளிய இருந்து பத்து பன்னெண்டு வருஷம் பாத்தத வச்சு சொல்றது.

இதுல அடிச்சு சொல்லக்கூடியத மொதல்ல சொல்லிடறேன். ரெண்டாவது பேச்சலர்ஸ் தேவையே இல்ல. டென்டல் ஸ்கூலுக்கு நீங்க எந்த மேஜர் படிச்சீங்கங்கறது பிரச்சினை இல்ல, கம்ப்யூட்டரோ மியூசிக்கோ எதுவா வேணா இருக்கட்டும், அவங்க கேக்கற கோர்ஸ் டிரான்ஸ்கிரிப்ட்ல (காலேஜ் மார்க் ஷீட்ல) இருக்கணும் அவ்வளவுதான். பெரும்பாலான ஸ்கூல் கேக்கறது லேபோட பயாலஜி 8 கிரெடிட் (லேபோட ஒரு செமஸ்டர் கோர்ஸ் பொதுவா 4 கிரெடிட்), ஜெனரல் கெமிஸ்ட்ரி 8, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 8, ஃபிசிக்ஸ் 8, அதுக்கு மேல பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர், இங்கிலீஷ் 6. டெக்சாஸ் ஸ்கூல்கள்ல பயாலஜி இந்த 8ஓட நிக்காது, மைக்ரோபயாலஜி மாதிரி மேல் கோர்ஸும் கேப்பாங்க. உங்களுக்கு ஃபிசிக்ஸ் ரெண்டு செமஸ்டர் லேபோட கம்ப்யூட்டர் சயின்ஸ்லயே முடிஞ்சிருக்கு, கால்குலஸ் வச்ச ஃபிசிக்ஸ், அத யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. இங்கிலீஷ் ஏபி கிரெடிட்ல (ஹைஸ்கூல்லயே எழுதற காலேஜ் லெவல் எக்ஸாம்) போயிருக்குன்னு எழுதியிருக்கீங்க, உங்க யுனிவர்சிட்டி டிரான்ஸ்கிரிப்ட்ல அந்தக் கிரெடிட் பதிவாகியிருந்தா டெக்சாஸ்ல பொதுவா ஏத்துக்குவாங்க, வெளி மாநிலத்துல சில ஸ்கூல் "அதுக்கு மேல ஒரு இங்கிலீஷ் கோர்ஸ் எடுத்திருக்கியா"ன்னு கேக்கும்.

ஆக உங்களுக்கு மிச்சம் இருக்கறது கெமிஸ்ட்ரியும் பயாலஜியும். இதுல கெமிஸ்ட்ரிதான் உங்க காலண்டரையே முடிவு பண்ணப் போகுது, இத நீங்க நல்லா புரிஞ்சிக்கணும். பயாலஜிய மைக்ரோ, அனாட்டமின்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சிடலாம், ஆனா கெமிஸ்ட்ரி ஏணிப்படி மாதிரி, ஜெனரல் ஒண்ணு முடிச்சாத்தான் ஜெனரல் ரெண்டு, அது முடிச்சாத்தான் ஆர்கானிக் ஒண்ணு, அப்புறம் ஆர்கானிக் ரெண்டு, அதுக்கப்புறம் பயோகெம், ஒரு படிய தாண்டி அடுத்த படில கால் வைக்க விட மாட்டாங்க. அஞ்சு படி, ஒரு செமஸ்டருக்கு ஒரு படி. எங்கிட்ட வர்ற பிள்ளைங்க நிறைய பேர் "மொதல்ல பயாலஜி எடுத்து பயம் தெளிஞ்சதும் கெமிஸ்ட்ரிக்குப் போறேன்"னு சொல்வாங்க, அப்படி போனா ஒரு வருஷம் அப்படியே நழுவிப் போயிடும். மொத செமஸ்டர்ல ஒரே ஒரு கோர்ஸ்தான் எடுக்க முடியும்னாலும் அது ஜெனரல் கெமிஸ்ட்ரியா இருக்கட்டும்.

இப்ப கம்யூனிட்டி காலேஜ். டெக்சாஸ் ஆளுங்களுக்கு இதுதான் நல்ல வழின்னு நான் நினைக்கறேன், உங்களுக்கும் இதத்தான் சொல்வேன். டெக்சாஸ்ல கோர்ஸ் நம்பர் மாநிலம் முழுக்க பொதுவா வச்சிருக்காங்க, டல்லாஸ் காலேஜ்ல எடுத்தாலும் காலின் காலேஜ்ல எடுத்தாலும் கெம் 1411னா அதே ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒண்ணுதான், மொத இலக்கம் எந்த வருஷத்து கோர்ஸுன்னு சொல்லும், ரெண்டாவது இலக்கம் எத்தன கிரெடிட்டுன்னு சொல்லும். உங்களுக்கு வேண்டியது கெம் 1411, 1412, ஆர்கானிக்குக்கு கெம் 2423, 2425, பயாலஜிக்கு பயோல் 1406, 1407. இத ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிக்கங்க, ஏன்னா இதே பேர்ல பக்கத்துலயே வேற கோர்ஸ்கள் இருக்கு, அதுலதான் ஆளுங்க போய் மாட்டிக்கறாங்க. கெம் 1405 அறிமுக கெமிஸ்ட்ரி, பயோல் 1408, 1409 சயின்ஸ் மேஜர் இல்லாதவங்களுக்கு, மைக்ரோபயாலஜிலயே 2420 நர்ஸிங் மாதிரி படிப்புக்கு, 2421 சயின்ஸ் மேஜருக்கு. எல்லாத்துலயும் லேப் இருக்கும், எல்லாத்துக்கும் கிரெடிட் வரும், ஆனா டென்டல் ஸ்கூல் கேக்கற ஜெனரல் கெமிஸ்ட்ரிக்கும் பயாலஜிக்கும் அந்த ஒண்ணாங்கிளாஸ் மாதிரி கோர்ஸ்கள வச்சு கணக்கு காட்ட முடியாது.

நான் இதுல விழுந்து எந்திரிச்சவ. 2007ல நான் போன காலேஜ்ல ஒரு கவுன்சிலர், நல்ல மனுஷிதான், "ஹெல்த் ஃபீல்டா, அப்ப இது எடு"ன்னு 1405ம் அனாட்டமி ஃபிசியாலஜியும் போட்டுக் கொடுத்தாங்க, ரெண்டுலயும் ஏ வாங்கினேன், வீட்டுக்காரர் கிட்ட காட்டி சந்தோஷப்பட்டேன். ஒரு வருஷம் கழிச்சு ஒரு டென்டல் ஸ்கூல் தகவல் கூட்டத்துக்குப் போனப்பத்தான் அந்த கெமிஸ்ட்ரி எந்தக் கணக்குலயும் வராது, அனாட்டமி வந்தாலும் 1406, 1407க்கு பதிலா வராதுன்னு தெரிஞ்சது. அன்னைக்கு திரும்பி வர்ற வழியெல்லாம் கார்ல அழுதுக்கிட்டே வந்தேன். கம்யூனிட்டி காலேஜ் கவுன்சிலர்கள் ஆயிரம் பேருக்கு வழி சொல்றவங்க, அதுல பாதிக்கு மேல நர்ஸிங், டென்டல் ஹைஜீன் போற பிள்ளைங்க, அதனால உங்க கணக்க நீங்கதான் பாத்துக்கணும், ஸ்கூல் வெப்சைட்ட தொறந்து வச்சுக்கிட்டு கோர்ஸ் நம்பர ஒண்ணொண்ணா ஒப்பிட்டுப் பாருங்க.

"மதிப்பாங்களா"ன்னு கேட்டீங்க. செல்லுமாங்கறது வேற, மதிப்பாங்களாங்கறது வேற. செல்லும், டெக்சாஸ் ஸ்கூல்கள் கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்ட எடுத்துக்கும், அதுல சந்தேகம் வேண்டாம். வெளி மாநிலத்துல சில ஸ்கூல் நாலு வருஷ காலேஜ்ல எடுத்தா நல்லதுன்னு வெளிப்படையாவே எழுதி வச்சிருக்கும், சிலது கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்டுக்கு ஒரு வரம்பு வைக்கும். மதிப்புங்கறது சூழ்நிலைய பொறுத்தது. டிகிரி முடிச்சு, வேலைல இருந்துக்கிட்டு, ராத்திரி கிளாஸ்ல ஆர்கானிக்ல ஏ வாங்கினவங்கள யாரும் குறைவா பாத்து நான் பாத்ததில்ல. யுனிவர்சிட்டிலயே படிச்சுக்கிட்டு இருந்து, கஷ்டமான கோர்ஸ மட்டும் சம்மர்ல கம்யூனிட்டி காலேஜுக்குக் கொண்டு போறவங்க மேலதான் சந்தேகம் வரும். உங்க நிலைமை மொத வகை.

ஆனாலும் எல்லாத்தையும் அங்கயே முடிக்க முடியாது, பயோகெமிஸ்ட்ரி மேல் வருஷத்து கோர்ஸ், அதுக்கு யுனிவர்சிட்டிதான் போகணும். உங்க பக்கம் ரிச்சர்ட்சன்ல யுடி டல்லாஸ் இருக்கு, ஆர்லிங்டன்ல யுடிஏ, டென்டன்ல யுஎன்டி இருக்கு. டிகிரி வேண்டாம், கோர்ஸ் மட்டும் எடுக்கறேன்னு சேர நான்-டிகிரின்னோ போஸ்ட்-பேக்னோ (பேச்சலர்ஸுக்கு அப்புறம் படிக்கறது) ஒரு வகை வச்சிருப்பாங்க, அதுல சீட் ரெகுலர் பிள்ளைங்க எடுத்தது போக மிச்சம்தான் கிடைக்கும்ங்கறதால அப்ளிகேஷன ஒரு செமஸ்டர் முன்னாடியே போட்டுடுங்க. என் யோசனை என்னன்னா, ஜெனரல் கெமிஸ்ட்ரியும் முதல் வருஷ பயாலஜியும் கம்யூனிட்டி காலேஜ்ல முடிங்க, பயோகெமும் அது கூட இன்னும் ரெண்டு மேல் பயாலஜி கோர்ஸும், முடிஞ்சா ஆர்கானிக் ரெண்டும் யுனிவர்சிட்டில எடுங்க. செலவும் கைய கடிக்காது, "பெரிய கிளாஸ்லயும் இவங்களால நிக்க முடியுது"ன்னும் தெரியும்.

ஃபார்மல் போஸ்ட்-பேக் புரோகிராம்னு ஒண்ணு உண்டு, கொலம்பியா, பிரின் மார் மாதிரி எடங்கள்ல, மேஜர் மாறி வர்றவங்களுக்குன்னே கட்டின படிப்பு, அட்வைசர் கூடவே இருப்பாங்க, ரெகமண்டேஷன் லெட்டர் எல்லாம் ஒழுங்கா ஏற்பாடு பண்ணுவாங்க. நல்ல புரோகிராம்கள்தான், ஆனா வேலைய விட்டு ஊர் மாறி பெரிய காசு கட்டணும், உங்களுக்கு வேண்டாம். இன்னொண்ணு ஒரு வருஷ பயோமெடிக்கல் மாஸ்டர்ஸ், இதையும் உங்களுக்கு யாராவது சொல்வாங்க, இப்பவே சொல்லி வைக்கறேன், அது சயின்ஸ் கோர்ஸ் எல்லாம் ஏற்கனவே முடிச்சு மார்க் குறைஞ்சு போனவங்களுக்கு. மாஸ்டர்ஸ் மார்க் தனிக் கணக்கு, உங்க பேச்சலர்ஸ் 3.1ஐ அது தொடாது. கம்யூனிட்டி காலேஜ்லயோ யுனிவர்சிட்டிலயோ எடுக்கற அண்டர்கிராட் கோர்ஸ்தான் அந்தக் கணக்குல சேரும்.

3.1 பத்தி கவலைப்பட்டிருந்தீங்க, கணக்கு போட்டுப் பாப்போம், நான் கணக்கு டீச்சரா போக வேண்டியவ. உங்க 120 கிரெடிட் 3.1ல இருக்கு. இனிமே ஒரு 40 கிரெடிட் 3.9ல எடுத்தா மொத்த ஜிபிஏ 3.3தான் வரும், அது மலை மாதிரி, சீக்கிரம் நகராது. ஆனா பல ஸ்கூல்களுக்கு ஒரே இடத்துல அப்ளை பண்ற ஆட்சாஸ்ங்கற சர்வீஸ்ல பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸுக்குன்னு தனியா ஒரு ஜிபிஏ போடுவாங்க. உங்ககிட்ட இப்ப அதுல இருக்கறது 8 கிரெடிட் ஃபிசிக்ஸ் பி கிரேடுல, அது கூட இந்த 40 சேந்தா 3.75. டெக்சாஸ் அரசு ஸ்கூல்களுக்குப் போடற டிஎம்டிஎஸ்ஏஎஸ் அப்ளிகேஷன்ல மேத்தும் அதுல சேரும், உங்க கால்குலஸ் கிரேடு அங்க வந்து உக்காரும், அத மனசுல வச்சுக்கங்க. ரெண்டு இடத்துலயும் ஒரு கோர்ஸ திரும்ப எடுத்தா பழைய மார்க் அழியாது, உங்க காலேஜ் அழிச்சாலும் இவங்க ரெண்டையும் எண்ணுவாங்க, நாலு கிரெடிட் கோர்ஸ்ல சி வாங்கி திரும்ப ஏ வாங்கினா உங்களுக்குக் கிடைக்கறது பி தான். அதனால அவசரப்பட்டு ஒரே செமஸ்டர்ல மூணு லேப் கோர்ஸ் எடுத்து சி வாங்கறத விட, ஒண்ணு ஒண்ணா எடுத்து ஏ வாங்கறது ஆயிரம் மடங்கு மேல். சரியா வரலன்னு தோணினா கடைசி தேதிக்குள்ள டிராப் பண்ணி டபிள்யூ (கோர்ஸ விட்டுட்டாங்கங்கற குறிப்பு, ஜிபிஏல சேராது) வாங்குங்க, ஒரு டபிள்யூவால யாரும் கெட்டுப் போகல. பாஸ்-ஃபெயில்ல எந்த சயின்ஸ் கோர்ஸும் எடுக்காதீங்க.

ஆன்லைன் பத்தி சொல்றதுல எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது, ஏன்னா இதுல விதி ஸ்கூலுக்கு ஸ்கூல் வேற, வருஷத்துக்கு வருஷமும் மாறுது. 2020, 21ல கோவிட் நேரத்துல பெரும்பாலான ஸ்கூல் ஆன்லைன் லேப ஏத்துக்கிச்சு, அப்புறம் சில ஸ்கூல் பழையபடி "லேப் நேர்ல இருக்கணும்"னு திரும்பிடுச்சு. மெயின் மாநிலத்து யுனிவர்சிட்டி ஆஃப் நியூ இங்லண்ட் மாதிரி எடங்கள்ல ஹெல்த் படிப்புக்குன்னே ஆன்லைன் சயின்ஸ் கோர்ஸ் நடத்தறாங்க, நம்ம நேரத்துக்குப் படிச்சுக்கலாம், ஒழுங்கான கிரெடிட்தான். நான் சொல்றது இதுதான்: பயோகெம், இங்கிலீஷ் மாதிரி லேப் இல்லாத கோர்ஸ ஆன்லைன்ல எடுக்க பெருசா பயப்பட வேண்டாம், லேப் இருக்கற கோர்ஸ் எல்லாத்தையும் நேர்ல எடுங்க. ஆன்லைன்தான் முடியும்னா, நீங்க அப்ளை பண்ணப் போற ஸ்கூல் ஒவ்வொண்ணுக்கும் கோர்ஸ் நம்பர போட்டு இமெயில் அனுப்பி பதில வாங்கி பத்திரமா வைங்க, ஃபோன்ல "சரி"ன்னு சொன்னது நாளைக்கு உதவாது. இன்னொரு காரணமும் இருக்கு, லேப்ல ஒரு செமஸ்டர் உங்க முகத்த பாத்த புரொஃபசர்தான் லெட்டர் எழுதுவாங்க. பெரும்பாலும் ரெண்டு சயின்ஸ் புரொஃபசர், ஒரு டென்டிஸ்ட்ன்னு கேப்பாங்க. எனக்கு எழுதினவர் 24 பேர் கிளாஸ்ல ஆர்கானிக் எடுத்த பெரியவர், பீக்கர கழுவறப்பக்கூட பக்கத்துல நின்னு பேசிக்கிட்டு இருப்பார், அவர் லெட்டர்ல இருந்த ஒரு வரிய இன்டர்வியூல எனக்குப் படிச்சுக் காட்டினாங்க.

வேலைய விடணுமான்னா, இப்ப வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல லெக்சர், வாரத்துல ஒரு நாள் மூணு நாலு மணி நேரம் லேப், ஒரு செமஸ்டருக்கு ரெண்டு கோர்ஸ், இது வேலையோட முடியும், கஷ்டம்தான், ஆனா முடியும். ஃபால்ல 1411ம் 1406ம், ஸ்பிரிங்ல 1412ம் 1407ம், சம்மர்ல மைக்ரோ, அடுத்த ஃபால்ல ஆர்கானிக் ஒண்ணு கூட ஒரு பயாலஜி, ஸ்பிரிங்ல ஆர்கானிக் ரெண்டு. அந்த மே மாசம் அப்ளிகேஷன் திறக்கும், அப்ப பயோகெம் முடியாம இருந்தாலும் பரவாயில்ல, "எடுக்கப் போறேன்"னு போட்டுக்கலாம், சேர்றதுக்குள்ள முடிச்சா போதும். அப்ளை பண்ணதுல இருந்து கிளாஸ்ல போய் உக்கார ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், ஆக மொத கோர்ஸ்ல இருந்து டென்டல் ஸ்கூல் மொத நாள் வரைக்கும் மூணு வருஷம். சம்மர்ல ஜெனரல் ஒண்ணும் ரெண்டும் அஞ்சஞ்சு வாரத்துல அடிச்சு முடிச்சா இதுல ஒரு வருஷம் குறையும், ஆனா அதுக்கு அந்த சம்மர் லீவு போடணும், அஞ்சு வாரத்துல கெமிஸ்ட்ரிங்கறது காலைல எந்திரிச்சா ராத்திரி தூங்கற வரைக்கும் அதேதான். வேலையோட சேத்து அத செய்யாதீங்க, செஞ்சு சி வாங்கி வந்தவங்க ரெண்டு பேர எனக்குத் தெரியும்.

டிஏடி எக்ஸாம், அதாவது டென்டல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு, ஆர்கானிக் ரெண்டு முடிஞ்சதும் சூட்டோட சூடா எழுதறதுதான் சரி. சயின்ஸ் பகுதில 100 கேள்வி, பயாலஜி 40, ஜெனரல் கெமிஸ்ட்ரி 30, ஆர்கானிக் 30, ஃபிசிக்ஸ் கிடையாது. காகிதத்த மடிச்சு ஓட்ட போட்டா விரிச்சப்ப எங்க இருக்கும், கனசதுரம் எத்தனன்னு எண்ணற மாதிரி கண்ணுக்கு வேலை கொடுக்கற பகுதி ஒண்ணு 90 கேள்வி, 60 நிமிஷம், அது தினம் அரை மணி பழகினா வரும். 2025 மார்ச்ல இருந்து மார்க் 200ல இருந்து 600 வரைன்னு மாத்திட்டாங்க, பழைய ஆளுங்க "20 வாங்கினேன், 22 வாங்கினேன்"னு சொன்னா குழம்பாதீங்க.

காசு விஷயத்துலயும் ஒண்ணு சொல்லணும். 2026 ஜூலை 1ல இருந்து புதுசா கடன் வாங்கறவங்களுக்கு கிராட் பிளஸ் லோன் (முழுச் செலவு வரைக்கும் கொடுத்துக்கிட்டு இருந்த ஃபெடரல் கடன்) கிடையாது, ஃபெடரல் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர், அவ்வளவுதான். சில பிரைவேட் டென்டல் ஸ்கூல்ல மொத்தச் செலவு அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல போகும், மிச்சத்துக்கு பேங்க் கடன்தான். ஹூஸ்டன், சான் அன்டோனியோ, டல்லாஸ், எல் பாசோன்னு நாலு அரசு ஸ்கூல் இருக்கற டெக்சாஸ்ல, பெரும்பாலான சீட்ட உள்ளூர் ஆளுங்களுக்கே கொடுக்கற மாநிலத்துல நீங்க இருக்கீங்க, அதனால இந்த மூணு வருஷமும் சம்பளத்துல சேத்து வைக்கறது, டெக்சாஸ் முகவரிய மாத்தாம இருக்கறது ரெண்டும் கோர்ஸ் அளவுக்கே முக்கியம்னு நான் சொல்வேன்.

இத படிக்கற மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியால டிகிரி முடிச்சவங்களுக்கு இது இவ்வளவு லேசா முடியாது, பல ஸ்கூல் சயின்ஸ் கோர்ஸ் அமெரிக்கா இல்ல கனடால எடுத்திருக்கணும்னு கேக்கும், அதோட இங்கயே 60 இல்ல 90 கிரெடிட் வேணும்னும் கேக்கும், எனக்கு அஞ்சு வருஷம் ஆனது அதனாலதான். எச்4ல படிக்கத் தடை இல்ல, ஆனா ஃபெடரல் கடன் வராது, சில அரசு ஸ்கூல் கிரீன் கார்டு இல்லாதவங்கள எடுக்காது, விசாவுக்கு வக்கீல் கிட்ட கேளுங்க, நான் சொல்றத வச்சு முடிவெடுக்காதீங்க. ஊர்ல பிடிஎஸ் முடிச்சவங்களுக்கு இந்த வழியே வேற, ஐஎன்பிடிஈ (இங்க பல் டாக்டர் லைசென்ஸுக்கான எக்ஸாம்) எழுதி கேப்பிட் (வெளிநாட்டுல பல் டாக்டருக்குப் படிச்சவங்களுக்கான அப்ளிகேஷன் சர்வீஸ்) மூலமா அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் புரோகிராம் பாருங்க, ரெண்டு மூணு வருஷத்துல முடியும், ஜெனரல் கெமிஸ்ட்ரி எடுத்து வருஷத்த வீணாக்க வேண்டாம்.

நீங்க கேக்காத ஒண்ணு, ஷேடோயிங். 100 மணி நேரம்னு வச்சுக்கங்க, அத இப்பவே, கோர்ஸுக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடியே ஒரு பத்து பதினஞ்சு மணி நேரமாவது பண்ணிடுங்க. வாய்க்குள்ள ரத்தமும் எச்சிலும், பயந்து கைய பிடிச்சுக்கற பாட்டியும், கழுத்து வலியோட ஒரே பல்ல முக்கா மணி நேரம் குனிஞ்சு பாக்கறதும், இது உங்களுக்குப் பிடிக்குதான்னு அங்க போய் நின்னாத்தான் தெரியும். சனிக்கிழமை திறந்திருக்கற கிளினிக் உங்க பக்கம் நிறைய இருக்கு, நேர்ல போய் கேளுங்க, மூணு பேர் முடியாதும்பாங்க, நாலாவது ஆள் வரச் சொல்லுவாங்க. பிடிச்சிருந்தா அடுத்த ரெஜிஸ்ட்ரேஷன் திறக்கற அன்னைக்கு காலைலயே உக்காந்து கெம் 1411 சாயங்கால லேப் சீட்ட பிடிச்சிடுங்க, அதுதான் மொதல்ல நிரம்பும்.